பாட்டில்லாமல் கேட்கச் சொன்னவர்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு ஆடியோ கடையில் அந்தக் கடைக்காரரைப் பார்த்தேன். காதுக்குள் செருகும் என் இயர்போனில் சத்தம் போதவில்லை, சட்டைப்பையில் அடங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று மலிவாக வேண்டும் என்றேன். நரைத்த மீசை, காதிடுக்கில் பென்சில். எந்த ஆம்ப்ளிஃபயரையும் முதலில் பாட்டுப் போடாமல்தான் கேட்கத் தருவார். மட்டமானது சும்மா இருக்கும்போதே இரையுமாம்.

இரண்டைத் தந்தார். இரண்டிலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. விலை குறைந்ததைக் காட்டி, "இதுல இரைச்சலே இல்ல" என்றேன்.

அவர் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். "சார், இது மழ பேயற மாதிரி இரையுதுங்க. ஆம்ப் கெடக்கட்டும். வூட்ல யாரு பேசறது உங்களுக்குக் கேக்கறதில்லீங்க?"

"எல்லாம் நல்லாத்தான் கேக்குது. வந்தவனுக்குப் பொருளக் குடுப்பா."

"மொதல்ல காது டாக்டரப் பாருங்க. அப்பறமும் வேணும்னா நானே குடுக்கறனுங்க" என்று இரண்டையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

கோபமாக இறங்கி வந்தேன். பேருந்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வி திரும்ப வந்தது. வாயைத் திறந்து பேசத் தெரியாதா என்று இரண்டு வருடமாக என் மனைவியைத் திட்டியிருக்கிறேன், விருந்தாளிகள் முன்னாலும்கூட. இப்போதெல்லாம் அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவள்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவளிடமும் இதுவரை சொல்லவில்லை.