பூட்டிய குரூப்பில் ஒரு கும்பிடு

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினேன். மறுநாளே அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிட்டார்கள். மற்றவர்கள் எமோஜி மட்டும் போடலாம்.

இன்று அருப்புக்கோட்டை பஸ்ஸில் அந்த அட்மின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குரூப்புல போட்ட பஞ்சாயத்துத் தலைவர் போட்டோவுக்கு நீங்க மட்டும் கும்பிடு போடலையே. அவுக கேட்டாக."

"தண்ணி வரலைன்னு எழுத விடமாட்டேங்கிறீக, கும்பிட மட்டும் கூப்பிடுறீகளே."

"குழாய் சரியாகணுமா, வேணாமா? போடுங்க."

போனை எடுத்தேன். பாலவனத்தம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்க, கட்டைவிரல் சிரிப்பு எமோஜியில் பட்டுவிட்டது.

பதறிப்போய் எடுக்கப் பார்த்தேன். அதற்குள் இன்னும் ஆறு பேர் சிரித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. என் சிரிப்பை எடுக்கவா, விடவா?

இங்கே நீங்கள் எழுதலாம். நான் பூட்டவில்லை.