தப்பு நம்பர் கேட்ட ஃபோர்மேன்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். முதலாளிக்குப் பிடித்துப்போனால்தான் எனக்கு அங்கே வேலை. மார்க்டவுன் என்கிற எளிய எழுத்துக் கோப்புகளில் எழுதிவைத்து ஒரு கட்டளை கொடுத்தால் பக்கங்கள் அத்தனையும் தயாராகிவிடும். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் என் அம்மாவிடம் அதைக் காட்டியபோது, அவள் தட்டுமுன் நானே கை தட்டினேன்.

கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது அச்சுக்கூடத்து ஃபோர்மேன் வந்து நின்றார். காதில் பென்சில், நகக்கண்ணெல்லாம் மை. எதைக் கண்டாலும் மை காய்ந்ததா என்று கட்டைவிரலால் தேய்ப்பார். என் திரையையும் தேய்த்தார். விரல் சட்டென்று நின்றது.

"தம்பி, கம்பெனி போன் நம்பர் தப்பா இருக்கே! எம்புட்டுத் தாளு ஓடிருச்சு?"

"தாளே கிடையாதுண்ணே."

கோப்பில் ஓர் இலக்கத்தைத் திருத்திக் கட்டளையைத் தட்டினேன். பக்கம் மாறியது.

"ஏயப்பா! எடைக்குப் போட ஒண்ணுமே இல்லையா?" அவர் முகம் புஸ்வாணமாய்ப் பொங்கியது. "இன்னொரு தடவ தப்பாப் போடுங்க தம்பி, பாப்போம்."

போட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். ஃபோர்மேன் திரையை மறைத்து நின்றார்.

"என்னய்யா அங்கன?"

"ப்ரூஃப் பாக்கேன் முதலாளி. ஒரு நிமிசம்."

அவர் முதுகுக்குப் பின்னால் அவசரமாகத் திருத்தி, "ஆச்சுண்ணே" என்றேன். விலகினார். முதலாளி திரையைப் பார்த்து அந்த நம்பரைத் தன் செல்லில் அழுத்தினார். மேசைமேல் இருந்த கம்பெனி போன் அடித்தது.

"நாளையிலருந்து வாப்பா."

தப்பு வராமல் காப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர், ஒரு தப்பை அத்தனை ஆசையாகக் கேட்டு வாங்கினாரே, அது ஏன் என்று இன்றுவரை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.