ஜாதகத்தில் நழுவிய அரை மணி

தம்பி பிறந்தது துலா லக்னத்தில். அப்போதே கையால் எழுதிய ஜாதகம் அப்படித்தான் சொல்கிறது. நான் ஆசை ஆசையாய் எழுதிய கணினி நிரலோ கன்னி லக்னம் என்றது. அதையும் தம்பிக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா முன்னால் சொல்லித் தொலைத்தது.

புக்கிட் பாருவிலிருந்து எங்கள் காஜா பேராங் வீட்டுக்கு வந்திருந்த அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேப்பர்ல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு. எதை நம்புறது? சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற இடம் பாக்கணும்.”

அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்து, “கவிதை எழுதுறவனுக்கு கம்ப்யூட்டர் எதுக்குலா?” என்றார். அந்தப் பெண்ணைத் தம்பிக்குப் பிடித்திருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

கணக்குப் போட்டால் எங்கோ அரை மணி உதைத்தது. நிரலாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளியும் இணைய மன்றத்தில் ‘லக்னம் தவறு’ என்று தேடினேன்; வெறும் பாலைவனம். நானே கேட்டேன். நம் வழக்கப்படி வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, தம்பியின் வேலை, குணம், பெண் வீட்டாரின் அவசரம் எல்லாம் விவரித்து, கடைசி வரியில் கேள்வி. முகம் தெரியாத ஒருவர் வந்து என் கேள்வியைத் திருத்தி, வணக்கத்தை வெட்டினார். தம்பியை வெட்டினார். பெண்ணையும் வெட்டினார். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என் உரைநடையை இப்படி மொட்டையடித்ததில்லை. மிஞ்சியது ஒரே வரி: மலேசியாவின் பழைய தேதிகளில் அரை மணி பிசகுவது ஏன்?

அந்த மொட்டை வரியைப் பார்த்த பிறகுதான் எதைத் தேட வேண்டும் என்பதே எனக்குப் புரிந்தது. அதையே தேடினேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மருத்துவமனைப் பதிவுகளுக்காக என்றோ கேட்டிருந்தார். பதில் கீழேயே இருந்தது: எண்பத்திரண்டுக்கு முன் இரு நாட்டிலும் கடிகாரம் அரை மணி பின்னால் ஓடியது; கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் என்று நீயாக எழுதாதே, ஊர்ப் பெயரைக் கொடு, பழைய நேரத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

தம்பி பிறந்த பிறகு ஒருநாள் அப்பா நாற்காலியில் ஏறிச் சுவர்க்கடிகார முள்ளைத் தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். நாடே தள்ளியது. நாடே மறந்தது.

ஊர்ப் பெயரைக் கொடுத்தேன். துலாம் வந்தது.

சனிக்கிழமை பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “அப்ப என் மகளுக்கும் போடுங்க. அவளும் எண்பத்திரண்டுக்கு முன்னால பொறந்தவதான். அவ ஜாதகம் கம்ப்யூட்டர் கடையில எடுத்தது.”

போட்டேன். லக்னம் நகர்ந்தது. பரிகாரமெல்லாம் செய்து முடித்திருந்த செவ்வாய் தோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

அவர் திரையை நெருங்கிப் பார்த்தார். “வருசக்கணக்கா செவ்வாய்க்கிழமை பட்டினி கெடந்தா. வீட்டுல கோழி வாசம் வரக்கூடாதுன்னு நாங்களும் சேந்து. எல்லாம் இந்த அரை மணிக்கா?”

“இனிமே நல்லா சாப்பிடட்டும் சம்பந்தி,” என்று அம்மா காப்பியை நீட்டினார்.

சம்பந்தி மறுக்கவில்லை. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “முகூர்த்தம் பாத்துடலாமா?” என்று என் பக்கம் திரும்பினார்.

“அத ஐயர்கிட்ட பாத்துக்கலாம்,” என்றார் அம்மா.