புஸ் அக்காவின் முப்பத்தாறு தொட்டிகள்

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். புஸ், புஸ். சற்று நிறுத்தி, இன்னொரு புஸ். சத்தம் வரும் பக்கம் திரும்பினால், நீலச் சீருடை போட்ட ஒருத்தி குனிந்து, இடது கையால் இலையைக் கவிழ்த்துப் பிடித்து, வலது கையால் அதன் அடிப்பக்கத்தில் தெளித்துக்கொண்டிருப்பாள். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அட்டையில் அவளுக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. தண்ணீரும் சோப்பும் பட்டுப் பட்டு அது அழிந்துபோய் நான்கு வருஷமாகிறது. புஸ் அக்கா என்ற பெயரை மட்டும் எந்தச் சோப்பும் அசைக்கவில்லை.

அவளை எடுத்ததென்னவோ தரை துடைக்கத்தான். முதல் வருஷம் யாரோ ஒருத்தர் வேலையை விட்டுப் போகும்போது, இரண்டே இலையோடு ஒரு கொடியையும் விட்டுப் போனார். குப்பையோடு குப்பையாகப் போகவேண்டியது. அவள் அதை ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அது படர்ந்தது, வெட்டி வைத்தாள், வெட்டியதும் படர்ந்தது. பதினோரு வருஷத்தில் முப்பத்தாறு தொட்டி.

எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. இரண்டாம் வருஷம், பூச்சிக்கு வேப்பெண்ணெய் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, பச்சைத் தண்ணீரில் எண்ணெயை அப்படியே ஊற்றி, உச்சி வெயில் ஜன்னலில் அடிக்கும் நேரமாகப் பார்த்துத் தெளித்தாள். எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மேலே மிதந்தது. முதல் பத்துச் செடிக்கு வெறும் தண்ணீர் கிடைத்தது, கடைசி இரண்டுக்கு வெறும் எண்ணெய். அந்த இரண்டின் இலையும் மறுநாள் கருகிப்போயிருந்தது.

தையல்காரரான அவள் புருஷன் அதைக் கேட்டுவிட்டு, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே, உதடு பிரியாமல் சொன்னார்: "இஸ்திரிப் பெட்டிய சட்ட மேல வச்சுட்டு டீ குடிக்கப் போனா இப்படித்தான் ஆகும்."

அதற்குப் பிறகு அவள் தப்புச் செய்ததில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் முதலில் சில சொட்டு சோப்புத் திரவம், அப்புறம் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய். பால் நிறம் வரும்வரை குலுக்கவேண்டும். ஒரு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்க்கவேண்டும். இலை வாடவில்லையென்றால், வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபின் மொத்தச் செடிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பதினைந்து நாள் லீவில் அவள் மகளின் பிரசவத்துக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தொட்டிக்குத் தொட்டி மாவுப்பூச்சி, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல. அதற்குள் காரியம் கெட்டிருந்தது. கறுப்புக் கோட்டு போட்ட பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வரவேற்பறையில் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாக எழுந்திருக்கிறார். பொடுகு என்று நினைத்து மரியாதைக்காக யாரும் வாய் திறக்கவில்லை. அதில் ஒன்று நகர்ந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

புதிதாக வந்திருந்த மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'சரிதானே' போடுவார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லுமுன் அடுத்ததற்குப் போய்விடுவார்.

"செடி நல்லதுதான், சரிதானே? ஆனா பூச்சி நல்லதில்ல, சரிதானே? பிளாஸ்டிக் செடிக்கு சொல்லியாச்சு. அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வெள்ளிக்கிழம வண்டி வருது. எல்லாத்தையும் கீழ எறக்கிடுங்க, சரிதானே?"

"சார், வெள்ளிக்கெழமக்குள்ள ஒரு பூச்சி இல்லாம ஆக்கிட்டா?"

"ஒரு பூச்சிகூட?"

"ஒண்ணுகூட."

"இருந்தா வண்டி, இல்லன்னா செடி. சரிதானே?"

வீட்டில் புருஷன் துணி வெட்டிக்கொண்டே கேட்டார். "முப்பத்தாறும் போனா போகட்டுமே. உனக்கு வேல கொறஞ்சது. சம்பளம் வரத்தானே போகுது."

"சம்பளம் வரும். என்னை யாரு தேடுவா? இப்போ நான் ஒரு நாள் வரலன்னா அஞ்சாவது மாடியே கேக்குது. செடி போயிட்டா, தொடப்பத்துக்குப் பின்னாடி யாரு நிக்கிறான்னு யாரு பாக்கப் போறா?"

அவர் கத்தரியை வைத்தார். கிழிந்த மெல்லிய பருத்தித் துணியாகப் பொறுக்கி ஒரு பை நிறைய நீட்டினார். "தொடைக்கிறதுக்கு. ஆனா எண்ணெய இங்க கொண்டுவராத. போன மாசம் ஒரு ஆளு புதுச் சட்டைய மோந்து பாத்துட்டு, 'இதுல பூச்சி வராதுல்ல'ன்னு கேட்டுட்டுப் போறார்."

"வராதுன்னு சொல்றதுதானே. உங்க தையலுக்கு இதுவரைக்கும் யாரு அப்படி உத்தரவாதம் குடுத்தா?"

முதல் நாளே பூச்சி கண்ட தொட்டிகளைத் தனியாக ஒதுக்கினாள். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கணுக்கணுவாகப் பூச்சியை ஒற்றி எடுத்தாள். சாயங்காலம் புஸ். ஐந்து நாள் விட்டு மறுபடி புஸ். மாடி முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம். வரவேற்பறைப் பெண், "எனக்கு ரெண்டு வாரமா சளி, மூக்கு அடைச்சிருக்கு. நல்ல நேரத்துல வந்துச்சுக்கா" என்று சிரித்தாள்.

இரண்டாவது தெளிப்பு முடிந்தபோது முப்பத்தைந்து தொட்டி சுத்தம். மூன்றாவதும் முடித்து வியாழக்கிழமை காலை பார்த்தால், அந்த முப்பத்தைந்தும் பளிச்சென்று நின்றன. மீதி ஒன்று, மேலாளர் அறைக்கு வெளியே ஜன்னலோரம் இருந்த பழைய தாய்க்கொடி. இரண்டு இலையோடு வந்த அதே கொடி. அதில் மட்டும் மறுபடியும் பஞ்சு.

அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னல் சட்டத்திலிருந்து எறும்பு வரிசையொன்று தொட்டிக்குள் இறங்கி, தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு காவலுக்கு நின்றால் மாவுப்பூச்சிக்கு யோகம்தான், எத்தனை துடைத்தாலும் குடும்பத்தோடு திரும்பி வரும். எறும்புக்கு இங்கே என்ன வேலை? மண்ணைக் கிள்ளி மோந்தாள். டீ. தித்திப்பான பால் டீ.

நேராக வரவேற்பறைக்குப் போனாள். "சார் ரூம் ஜன்னல் தொட்டில டீ ஊத்தினது நீயா?"

"நானாக்கா? நான் டீய மிச்சம் வைக்கிற ஆளா?"

நாலு மணிக்கு, துடைப்பத்தைப் பிடித்தபடி தூணோரம் நின்றாள். மேலாளர் காதில் தொலைபேசியும் கையில் கோப்பையுமாக வெளியே வந்தார். "அனுப்பிட்டேன், சரிதானே? நாளைக்குப் பாத்துக்கலாம், சரிதானே?" நடந்தார், திரும்பினார், பாதி டீயைத் தொட்டியில் கவிழ்த்தார். போதாததற்கு இலையை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தார்.

மேலாளரையே குற்றம் சொன்னால் நாளைக்கு வண்டியோடு அவளும் இறங்கவேண்டியதுதான். சொல்லாவிட்டாலும் செடி போய்விடும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரிடம் போனாள்.

"சார், இந்தச் செடிக்கு சர்க்கர கொஞ்சம் கம்மியா போடச் சொல்லட்டுமா?"

அவர் கோப்பையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அவள் எறும்பைக் காட்டினாள், தண்டைக் காட்டினாள், மண்ணை எடுத்து நீட்டினாள். அவர் கொஞ்சம் பின்வாங்கி மோந்தார்.

"அதுக்கும் தாகமா இருக்குமேன்னுதாம்மா."

"எத்தன கரண்டி சார்?"

"மூணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாதிதானே குடிக்கிறேன். அப்போ ஒன்னரதான், சரிதானே? வீட்டுல கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."

"மீதி ஒன்னர எறும்புக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவள் அவரைத் தொட்டி தொட்டியாக அழைத்துப் போனாள். இலையைக் கவிழ்த்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து குனிந்து பார்த்தார். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "முப்பத்தஞ்சுலயும் இல்ல" என்றார்.

"மீதி ஒண்ணு உங்க கைங்கரியம் சார்."

அன்று சாயங்காலமே தாய்க்கொடியின் மேல்மண்ணை வழித்துப் போட்டுப் புதுமண் நிரப்பினாள். தண்டை எறும்பு போகக் கழுவி, பூச்சியை ஒற்றி எடுத்து, தெளித்து, பக்கத்தில் எதுவும் தொடாதபடி ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவே கல்மேல் தூக்கி வைத்தாள். எறும்பு தட்டு விளிம்பு வரை வந்து யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. மேலாளர் தாய்க்கொடியின் ஒவ்வொரு இலையையும் தானே கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு பிளாஸ்டிக் செடியை மட்டும் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நாலு மணிக்கு அதற்குத் தாகம் எடுக்கும் என்று வரவேற்பறைப் பெண்ணுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை புஸ் அக்காவின் சீருடையில் இடுப்போரம் புதிதாக ஒரு பை இருந்தது. தெளிப்பு பாட்டில் அளவுக்கு ஆழமாக, இரட்டைத் தையல் போட்டது. புருஷன் அதைத் தைத்துக் கொடுத்தபோது, "நாத்தம் வெளிய வராம அடக்கித்தான் தச்சிருக்கேன்" என்றார், ஊசி கவ்விய வாயோடு.

அன்றைக்கே கறுப்புக் கோட்டுக்காரர் மறுபடி வந்தார். அதே இருக்கை, அதே கொடி. நடைபாதைக் கோடியில் துடைத்துக்கொண்டிருந்த அவள், துடைத்த இடத்தையே துடைத்தாள். கால் மணி நேரம் கழித்து அவர் எழுந்தார். தோள் கறுப்பாகவே இருந்தது.

அவர் போகாமல் கொடியைக் காட்டி ஏதோ கேட்டார். மேலாளர் வரவேற்பறைப் பெண்ணைப் பார்த்தார், பிறகு பொறுமையில்லாமல் தானே நடைபாதைக்குள் வந்தார்.

"அக்கா எங்க? சார் வீட்டுச் செடில பூச்சியாம். அக்கா எங்க?"

அவள் நிமிர்ந்தாள். அவசரப்படவில்லை. இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு முறை குலுக்கிக்கொண்டுதான் நடந்தாள்.