அசதுல்லோ வாத்தியார் பிட்டுக் கொடுத்த ரொட்டி

சமர்கந்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் தாஜிக்குகளும் உஸ்பெக்குகளும் எத்தனை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கத் துணிந்த ஒரே பிரகஸ்பதி அசதுல்லோ வாத்தியார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒன்பது வருடம், 'இரு இனங்களின் உறவு வரலாறு' என்று நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினார். அத்தனையின் சாரமும் ஒரே வரிதான்: நாம் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நமக்கு என்ன வந்தது என்று கேட்டால், "குதிரைச் சாணி" என்பார்.

நானும் அவரைப்போலத் தாஜிக்தான், பெயர் லத்தீஃப். அவருக்குப் பக்கத்து வீட்டில் ரொட்டி சுட்டுப் பிழைக்கிறவன். என் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேச்சை ஒரு மொழியிலும் மீதியை இன்னொன்றிலும் பேசுவார்கள். அவை இரண்டு மொழிகள் என்பதே எனக்கு மறந்துபோகும். வாத்தியாருக்கு அதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

அவர் மகள் ஷஹ்லோவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. பக்கத்து ஊர் டிராக்டர் மெக்கானிக் ஹைதர்மேல் அவளுக்கு ஆசை. அவன் உஸ்பெக். இது தெருவுக்கே தெரியும், வாத்தியாருக்கு மட்டும் தெரியாது. அவர், "சுத்தமான தாஜிக் வீட்டுக்குத்தான் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலில் மேட்டுப்பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. அசல் தாஜிக்குகள். ஆனால் உஸ்பெக்குகள் நடுவிலேயே வாழ்ந்து வீட்டிலும் உஸ்பெக் பேசிப் பழகியவர்கள். வாயைத் திறந்ததும் அந்த மொழிதான் வந்தது. வாத்தியார் பூர்வீகம் கேட்கக்கூட இல்லை. தேநீர்க் கிண்ணத்தை எடுத்து விளிம்புவரை ஊற்றி நீட்டினார். பாதிக் கிண்ணம் ஊற்றினால் இருங்கள் என்று பொருள். முழுக் கிண்ணம் ஊற்றினால் கிளம்பலாம் என்று பொருள். வந்தவர்கள் முகம் சிவந்து எழுந்து போனார்கள். அவர் தவம் கிடந்த சம்பந்தத்தை அவரே விரட்டினார். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். அவர்களும் தாஜிக்குகள்தான் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை, ஷஹ்லோவுக்காக.

அடுத்த வாரம் ஹைதரின் பெரியப்பா அப்துரசூல் ஆட்களோடு வந்தார். நகரத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தாஜிக்கில் தேனாகப் பேசினார். வாத்தியார் உருகிவிட்டார்.

"ஆகா, பேச்சுன்னா இது பேச்சு! லத்தீஃப், ரொட்டி கொண்டாய்யா!"

நான் சுட்ட ரொட்டி இரண்டை அடுக்கி அவரே பிட்டார். பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. ரொட்டியைப் பிட்டாயிற்று என்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் சாவகாசமாகக் கேட்டார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"நாங்க உஸ்பெக்குங்க வாத்தியாரே. கோங்கிராத் கூட்டம்."

நான் ரொட்டித் துண்டை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினேன்.

மறுநாள் ரொட்டியைத் திருப்பி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். இப்படி ஒரு கூத்தை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "சுட்டவன் நீதானே, சாட்சிக்கு வா" என்று என்னையும் இழுத்துப் போனார். அங்கே அப்துரசூலின் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரொட்டியா? நாப்பது வீட்டுக்குப் பங்கு வச்சு அனுப்பியாச்சு. எந்த வயித்துல தேடப் போறீங்க?"

அவளுக்கு உஸ்பெக் மட்டும்தான் தெரியும். வாத்தியார் அவளோடு சாயங்காலம்வரை மல்லுக்கு நின்றார். ஓரிடத்தில்கூட அவர் நாக்கு தடுமாறவில்லை. வசவுகூடச் சுத்த உஸ்பெக்கில் வந்து விழுந்தது. வெறுங்கையோடு திரும்பும்போது என் சட்டையைப் பிடித்தார்.

"நான் எந்த மொழியில சண்டை போட்டேன்னு வீட்டுல சொல்லிராதய்யா."

கேவலமாக இருந்தது எனக்கு.

வீட்டுக்குப் போய் மனிதர் சும்மா இருந்தாரா? நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கம் எழுதினார். ஹைதரின் ஊர்க்காரர்கள் ஆதியில் தாஜிக்குகளாம், காலப்போக்கில் மொழியைத் தொலைத்தவர்களாம். தான் ஏமாறவில்லை என்று காட்ட ஓர் ஊரின் பாட்டன் பூட்டனையெல்லாம் மாற்றிவிட்டார். ஷஹ்லோ அதைப் படித்துவிட்டாள். அவள் போட்ட சத்தம் என் அடுப்படிவரை கேட்டது.

"அவரு உஸ்பெக்னு தெரிஞ்சுதாம்ப்பா நான் ஆசைப்பட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்து என்னை வாழ்த்துங்க. இல்லைன்னா உங்க வாழ்த்தே வேண்டாம்."

"வரலாற்றைக் கிழிக்கச் சொல்றியாடி?"

"பொய்யைக் கிழிக்கச் சொல்றேன்."

கல்யாணத்தன்று காலை வாசலில் கொம்பு ஊதினார்கள். பெண் படி தாண்டும் முன் தகப்பன் இரு கையும் ஏந்தி வேண்ட வேண்டும். வாத்தியார் அறைக்குள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஷஹ்லோ கதவருகே நின்று பார்த்தாள். ஒரு தாள் கிழியும் சத்தத்துக்காகத்தான் அத்தனை நேரம் நின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க கை ஏந்துங்க."

மாவு ஒட்டிய கைகளை ஏந்தினேன். பாதி வாழ்த்து தாஜிக்கிலும் பாதி உஸ்பெக்கிலும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள். பெற்ற தகப்பன் பத்தடி தூரத்தில், திறந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. இரண்டு மொழியும் அவருக்கு நன்றாகவே புரியும்.