செல்லையா அண்ணனின் காய்ச்சல் பேச்சு

செல்லையா அண்ணே, காய்ச்சலைத் தடுப்பது பற்றி நீ பேச வேண்டிய கூட்டத்துக்கு நான் வந்திருக்கிறேன். நீ அந்தக் காய்ச்சலிலேயே செத்துப் போய் ஒரு மாதம். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, செங் ரப்பர் தோட்டத்திலிருந்து காஜா பெராங் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்தேன்.

கூட்டம் நடத்தும் கடைக்கார பாய் வாசலில் மறிக்கிறார்.

“காய்ச்சல்ல செத்தவரு பேச்சைக் கேட்டு சிரிப்பாங்க, தங்கச்சி. கையில தாளும் காணோமே?”

“எனக்குப் படிக்கத் தெரியாது, பாய். ரப்பர் பால் வெட்டுறப்ப அண்ணன் இந்தப் பேச்ச என்கிட்டதான் பேசிப் பழகுச்சு. எல்லாம் மனப்பாடம். மலேரியாவுக்குக் குடுக்குற கொய்னா மாத்திரைய ஜப்பான்காரன் பட்டாளத்துக்குன்னு எடுத்துக்கலேன்னா அண்ணன் பொழச்சிருக்கும்.”

“மெதுவா! அத மட்டும் மேடையில சொல்லிடாத,” என்று வழிவிடுகிறார்.

பெஞ்சு நிறைய ஆட்கள். மேடையேறி நிற்கிறேன்.

“இது என் அண்ணன் செல்லையாவோட பேச்சு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, எல்லாரும் அவருக்காக வேண்டிக்குங்க.”