மல்லிப்பூ மணத்த தண்ணீர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்குத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. நாற்றம் பழகிப்போய்விட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். போன மாதம் எங்கள் மூக்குகளை ஆராய வேலூர் டாக்டர் ஒருவர் ஜட்கா வண்டியில் வந்திறங்கினார்.

“மொதலாளி அனுப்புன ஆளு. வாசன தெரியலன்னா சீட்ட கிழிச்சிடுவாங்க” என்றான் கூட்டாளி காதர்.

எனக்கும் சந்தேகந்தான். டாக்டர் மோந்து பார்க்க ஒரு புட்டியை நீட்டியதும், ஒன்றும் தெரியாமலே “மல்லிப்பூங்க” என்றேன்.

“இது வெறும் தண்ணி” என்றார். அடுத்த புட்டியைத் தண்ணீர் என்றேன். அது மண்ணெண்ணெயாம்.

வேலை போகவில்லை. மூக்குதான் எப்போதோ போயிருக்கிறது.

டாக்டரை இன்னும் நான் நம்பவில்லை. ஆனால் மனைவி மோந்து பார்த்துச் சொல்லாமல் மீன் குழம்பைத் தொடுவதில்லை. “நல்லாத்தான் கீது” என்று அவள் சிரித்தால், முதல் வாய் அவளைச் சாப்பிடச் சொல்கிறேன்.